உரைக் கோப்பாகக் கொடுத்தால் என் உரிமை போய்விடுமா?

வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது அவர் தொழில். கொழும்பிலுள்ள ஒரு சிறிய மென்பொருள் கம்பனி, தனியார் மருத்துவமனைகளுக்கான முன்பதிவுச் செயலி ஒன்றை மும்மொழியிலும் நடத்துகிறது; அதன் தமிழ் வாசகங்கள் அனைத்தும் இவர் எழுதியவை. மாதச் சம்பளம் இல்லை, சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. கையொப்பமிட்ட ஒப்பந்தம் எதுவும் கிடையாது, மின்னஞ்சலில் பேசிக்கொண்டதுதான். வேர்டில் பாமினி எழுத்துருவில் தட்டெழுதி, திருத்தங்களைச் சிவப்பில் காட்டி, கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் சேர்த்து அனுப்புவது இவர் வழக்கம். அண்மையில் கம்பனியில் சேர்ந்த ஒரு பொறியியலாளர், வேர்டும் பிடிஎஃபும் இனி வேண்டாம், எந்தக் கருவியிலும் தமிழாகவே நிற்கும் யுனிகோட் குறியீட்டில், அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் எழுத்தாலான ‘பிஓ’ என்ற வகை உரைக் கோப்பாகவே தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். முடிந்தால், செயலியின் கோப்புகளையெல்லாம் தாங்கள் சேமித்துவைக்கும் ‘கிட்’ களஞ்சியத்தில் நேரடியாகச் சேர்க்கும்படியும் சொல்லியிருக்கிறார். “பக்குவமாக ஒழுங்கு செய்து அனுப்பியதை விட்டுவிட்டு வெறும் எழுத்தைக் கேட்கிறார்கள். என்னைத் தட்டெழுத்தாளராகத்தான் நினைக்கிறார்கள்” என்பது வாசகியின் மனக்குறை.

இதற்குள் ஒரு சிக்கலும் நேர்ந்துவிட்டது. இரத்தப் பரிசோதனைக்கு வருவோர் 8 மணிநேரம் உணவு உண்ணாமல் வர வேண்டும் என்றிருந்த அறிவித்தலை, 10 மணிநேரம் என்று மாற்றும்படி ஒரு மருத்துவமனை சொல்லியிருக்கிறது. ஆங்கிலமும் சிங்களமும் மாறின; தமிழ் மாறவில்லை. தமிழில் வாசித்துவிட்டு அதிகாலையில் வந்த சிலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தான் திருத்தி அனுப்பியதாக வாசகி சொல்கிறார். அப்படி எதுவும் வரவில்லை என்கிறது கம்பனி. ஒரே பெயரில் பல கோப்புகள் மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் போய்வந்திருப்பதால், எது எப்போது போனது என்று இரு தரப்பாலும் திட்டமாகக் காட்ட முடியவில்லை. கடைசி பில்லுக்கான பணத்தையும் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

வாசகி கேட்பவை மூன்று. திருத்தக்கூடிய கோப்பைத் தர மறுக்க எனக்கு உரிமை இருக்கிறதா? கொடுத்தால் என் மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் போட்டுவிட்டு என்னை நிறுத்திவிடுவார்களா? நிறுத்திவைத்த பணத்தை எப்படிப் பெறுவது?

சகோதரி, மென்பொருள் கம்பனிகளுக்கும் அவற்றுக்கு வேலை செய்துகொடுப்பவர்களுக்கும் ஒப்பந்தம் எழுதிக்கொடுப்பது சட்டத்தரணியாக என் அன்றாட வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தப் பொறியியலாளர் உங்களைக் குறைத்து மதிப்பிட்டுக் கேட்கவில்லை. அவர் கேட்டபடி வேலை நடந்திருந்தால், அந்த 8 மணிநேரப் பழி உங்கள் மேல் விழுந்தே இருக்காது. உங்கள் உரிமையைப் பற்றிய கேள்விகளுக்கு வருவதற்கு முன், அவர் எதற்காகக் கேட்கிறார் என்பது உங்களுக்குத் தெளிவாக வேண்டும். அது தெரிந்தால் எதைக் கொடுப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று நீங்களே தீர்மானிக்க முடியும்.

பொறியியலாளர் எதைக் கேட்கிறார்?

மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒரு கோப்பை மட்டும் பாதுகாப்பதில்லை. அது கடந்துவந்த ஒவ்வொரு நிலையையும் பாதுகாக்கிறார்கள். அதற்கான கருவிதான் பதிப்புக் கட்டுப்பாடு. இன்று அதிகம் பேர் பயன்படுத்துவது கிட். 2005இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலைப் பராமரிப்பதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. யார், எப்போது, எந்த வரியை, என்ன காரணத்துக்காக மாற்றினார் என்பதை அது பதிந்துவைக்கிறது. சட்டத்தரணிகளான நாங்கள் காணி உறுதிகளைப் பின்னோக்கித் தேடுவோம் அல்லவா? இன்றைய உரிமையாளரிடமிருந்து அவருக்கு விற்றவர், அவருக்கு முந்தியவர் என்று பதிவகத்தில் பக்கம் பக்கமாகப் பின்னே போவதைப் போல, ஒரு வாசகத்தின் இன்றைய வடிவத்திலிருந்து அதன் பிறப்பு வரைக்கும் இதில் போகலாம்.

ஆனால் இந்தக் கருவி மாற்றத்தை வரி வரியாகத்தான் பார்க்கிறது. வரிகளே இல்லாத கோப்பில் அதற்கு வேலை இல்லை. வேர்ட் ஆவணம் என்று நீங்கள் திறப்பது, பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஸிப் பொதி. ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்தாலும் அந்தப் பொதியின் பைட்டுகள் வேறு விதமாக அமைந்துவிடும். நேற்றைய கோப்புக்கும் இன்றைய கோப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கிட்டிடம் கேட்டால், இரண்டும் வேறுபடுகின்றன என்ற ஒற்றை வரியோடு அது நின்றுவிடும். எங்கே, என்ன என்பது தெரியாது. அதே திருத்தத்தை உரைக் கோப்பில் செய்திருந்தால் திரையில் இப்படித் தெரிந்திருக்கும்:

− இரத்தப் பரிசோதனைக்கு முன் 8 மணிநேரம் உணவு உண்ண வேண்டாம்.
+ இரத்தப் பரிசோதனைக்கு முன் 10 மணிநேரம் உணவு உண்ண வேண்டாம்.

கழித்தல் குறியுள்ள வரி போனது. கூட்டல் குறியுள்ள வரி வந்தது. தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவருக்கும் 8 என்பது 10 ஆகியிருப்பது புரியும். பக்கத்தில் உங்கள் பெயரும் திகதியும் நேரமும் நிற்கும். உங்களுக்கும் கம்பனிக்கும் இடையிலுள்ள தகராறு முழுவதும் இந்த இரண்டு வரிகளில் அடங்கிவிடும்.

வேர்டில் சிவப்பில் காட்டுகிறேனே, அது போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் எழுதி இன்னொருவர் பார்த்துத் திருப்பி அனுப்பும் வேலைக்கு அது போதும். இங்கே நிலைமை வேறு. ஆங்கில வாசகத்தை ஒருவர் மாற்றுகிறார், சிங்களத்தை இன்னொருவர், தமிழை நீங்கள், நிரலை நான்கைந்து பேர். எல்லாம் ஒரே வாரத்தில் நடக்கின்றன. உரைக் கோப்பாக இருந்தால், வெவ்வேறு இடங்களில் செய்த மாற்றங்களைக் கிட் தானாகவே ஒன்றுசேர்க்கும். இருவர் ஒரே இடத்தில் கை வைத்திருந்தால் மட்டும் நிறுத்தி, எது சரி என்று மனிதரிடம் கேட்கும். இரண்டு வேர்ட் ஆவணங்களை அப்படிச் சேர்க்க அதற்குத் தெரியாது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட வேண்டியதுதான். உங்கள் திருத்தம் காணாமற்போனது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். யாரும் வேண்டுமென்று அழித்திருக்கமாட்டார்கள்; பழைய கோப்பைத் திறந்து அதிலிருந்து பிரதி எடுத்திருப்பார்கள்.

இன்னொரு பயனும் உண்டு. செயலியில் ஏதோ ஒரு பிழை தெரிகிறது, எப்போது புகுந்தது என்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மாற்றங்கள் நடந்திருந்தாலும், பாதி பாதியாகப் பிரித்துத் தேடினால் ஏறத்தாழ பத்தே படிகளில் குற்றவாளி மாற்றத்தைப் பிடித்துவிடலாம். அதற்கென்றே கிட்டில் ஒரு கட்டளை இருக்கிறது. பிடித்த மாற்றம் இரு வரி உரையாக இருந்தால் வாசித்துப் புரிந்துகொள்ளலாம். சுருக்கிக் கட்டிய பொதியாக இருந்தால், இதுதான் என்று தெரிந்தும் என்ன பிழை என்று தெரியாமல் நிற்க வேண்டும்.

பிஓ என்பது ‘கெட்டெக்ஸ்ட்’ என்ற மொழிபெயர்ப்பு முறைமையின் கோப்பு வகை. மேலே ஆங்கில வாசகம், கீழே உங்கள் தமிழ், இடையிடையே நீங்கள் எழுதும் குறிப்புகள், அவ்வளவுதான். நோட்பேட் போன்ற எந்த எளிய உரை மென்பொருளிலும் திறக்கலாம். மூல ஆங்கிலம் மாறி, கோப்பை அதற்கேற்பப் புதுப்பிக்கும்போது, பழைய தமிழ் வரியின் மேல் ‘ஐயம்’ என்ற பொருளில் ஓர் அடையாளம் விழும். அந்த அடையாளமுள்ள வரி, நீங்கள் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை, வழக்கமான அமைப்பில் செயலிக்குள் போகாது. அந்த இடத்தில் ஆங்கிலம் தெரியும். உங்கள் விடயத்தில் ஆங்கிலத்தில் 8 போய் 10 வந்த உடனேயே தமிழ் வரி நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். தமிழருக்கு ஆங்கிலத்தைக் காட்டுவது குறைதான். பட்டினியோடு வந்த முதியவரைத் திருப்பி அனுப்பும் தமிழைவிட அது எவ்வளவோ மேல்.

பாமினியும் பிடிஎஃபும்

இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, வருந்தாதீர்கள். பாமினி நம் நாட்டில் எத்தனையோ பத்திரிகைகளையும் பாடநூல்களையும் கல்யாண அழைப்பிதழ்களையும் தாங்கிய எழுத்துரு. ஆனால் பாமினியில் நீங்கள் ‘வணக்கம்’ என்று அடிக்கும்போது கணினிக்குள் கிடப்பது தமிழே அல்ல. டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி என்ற ஏழு ஆங்கிலக் குறிகள் கிடக்கின்றன. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் போர்வை விலகிவிடும். ஆகவே கம்பனியில் யாரோ ஒருவர் அதை எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு யுனிகோடாக்க வேண்டும். உங்கள் கடிதத்தின்படி அந்தப் பொறியியலாளருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மாற்றி ஓர் எழுத்தைத் தவறவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

பிடிஎஃப் இன்னும் மோசம். எந்த உருவம் பக்கத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அதன் அக்கறை. அதிலிருந்து தமிழைப் பிரதி எடுத்தால் கொம்பும் இணைக்கொம்பும் எழுத்தைவிட்டு விலகி முன்னும் பின்னுமாக விழுவதை நீங்களே கண்டிருப்பீர்கள். வேர்டோ, நேரான மேற்கோள் குறியைத் தானாகவே வளைந்த குறியாக்கிவிடும். சில வகைக் கோப்புகளில் அந்த ஒரு வளைவு போதும், செயலி அந்தக் கோப்பை வாசிக்காமலே நின்றுவிட. நோயாளியின் பெயரோ முன்பதிவு இலக்கமோ வந்து விழ வேண்டிய இடத்தில் நிற்கும் குறிகளிலும் ஒரு வெற்றிடம் கூடினாலோ குறைந்தாலோ அதே கதிதான். பிஓ கோப்பாக இருந்தால், அந்தக் குறிகள் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒத்திருக்கின்றனவா என்று சோதிக்க ஆயத்தக் கருவிகள் இருக்கின்றன.

நான் இதில் இவ்வளவு அக்கறை கொள்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் கையிலிருந்து நோயாளியின் கைத்தொலைபேசி வரை உங்கள் தமிழ் போகும் வழியில், தமிழ் தெரியாத எவரும் அதைத் தொட்டுத் திருத்தவோ கண்ணால் பார்த்துப் பிரதி எடுக்கவோ தேவையில்லாமல் இருக்க வேண்டும். அதற்கு உரைக் கோப்பு ஒன்றுதான் வழி. மும்மொழி என்று சொல்லிக்கொள்ளும் எத்தனையோ இடங்களில் தமிழ் எழுத்துகள் இடம்மாறிக் கிடப்பதைப் பார்த்து நாம் எல்லோரும் மனம் நொந்திருக்கிறோம். அவற்றில் பல, மொழிபெயர்த்தவரின் மேசையில் சரியாக இருந்தவைதான்.

கை பாமினி விசை ஒழுங்குக்குப் பழகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். இ-கலப்பை போன்ற மென்பொருளில் அதே ஒழுங்கில் அடித்து யுனிகோடாகப் பெறலாம். ஆனால் எப்போதும் ஒரே கருவியால் அடியுங்கள். யுனிகோடில் ‘கொ’ போன்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கிட்டுக்குத் தெரியும். நீங்கள் தொடாத வரிகளெல்லாம் மாறியதாக அது காட்டிவிடும்.

உரிமை யாருக்கு?

இப்போது உங்கள் முதல் கேள்வி. பிடிஎஃபாகக் கொடுத்தால் உரிமை உங்களிடம் இருக்கும், திருத்தக்கூடிய கோப்பாகக் கொடுத்தால் போய்விடும் என்று எண்ணியிருக்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மொழிபெயர்ப்பைத் தனிப் படைப்பாகவே பாதுகாக்கிறது. பதிவு எதுவும் தேவையில்லை. கோப்பின் வகை அந்தப் பாதுகாப்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஆனால் அதே சட்டத்தின் 14ஆம் பிரிவை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் செய்துகொடுத்த படைப்பில், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாத வரை, பொருளாதார உரிமைகள் கேட்டுக்கொண்டவருக்கே உரியவை. உங்களிடம் மாறாக எழுதிய ஒப்பந்தம் இல்லை. ஆகவே அந்தச் செயலிக்காக நீங்கள் எழுதிய தமிழ் வாசகங்களின் பொருளாதார உரிமை பெரும்பாலும் கம்பனியிடம்தான் இருக்கிறது. எந்தக் கோப்பிலும் அனுப்பாமல் கையால் எழுதிக் கொடுத்திருந்தாலும் நிலைமை அதுவே. உங்களிடம் எஞ்சியிருப்பது ஆசிரியர் என்ற முறையிலான ஒழுக்க உரிமைகள். உங்கள் பெயரைக் குறிப்பிடும்படி கேட்பதும், உங்கள் மதிப்பைக் கெடுக்கும் விதத்தில் படைப்பைச் சிதைப்பதை எதிர்ப்பதும் அவற்றில் அடங்கும்.

மறுக்கலாமா? கோப்பின் வகையைப் பற்றி நீங்கள் எழுத்தில் எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதால், கடந்த வேலைகளை வேர்டில் கொடுத்தது பிழையல்ல. இனிவரும் வேலைக்கு மறுப்பது உங்கள் விருப்பம். வேறு ஒருவரைத் தேடுவது அவர்கள் விருப்பம். ஆனால் செயலிக்கென்று ஒப்புக்கொண்ட வாசகத்தைச் செயலிக்குள் ஏற்ற முடியாத வடிவத்தில் கொடுத்துவிட்டு, வேலை முடிந்துவிட்டது என்று வாதிடுவது என் கருத்தில் பலவீனமான நிலைப்பாடு. திறந்த மென்பொருள் உலகில் பெரிதும் வழங்கும் ஜிபிஎல் உரிமம், 1991இல் வந்த தன் இரண்டாம் பதிப்பிலேயே மூலத்தை வரையறுத்திருக்கிறது: படைப்பில் மாற்றம் செய்வதற்கு எந்த வடிவம் விரும்பத்தக்கதோ அதுவே மூலம். அந்த உரிமம் உங்களைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் இத்தொழிலில் உள்ளவர்கள் எதை முழுமையான ஒப்படைப்பு என்று கருதுகிறார்கள் என்பதை அந்த வரையறை நன்றாகக் காட்டுகிறது.

நீங்கள் காக்க வேண்டியது வேறொன்று. பல வருடங்களாகச் சேர்த்த உங்கள் மருத்துவச் சொற்கோவையைப் பற்றிக் கடிதத்தில் ஓரிடத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். இந்தக் கம்பனிக்கு முன்பிருந்தே நீங்கள் தொகுத்துவந்தது அது. அவர்கள் கேட்டுச் செய்ததும் அல்ல. வாசகங்களோடு சேர்த்து அதையும் களஞ்சியத்தில் போட்டுவிடாதீர்கள். கேட்டால் தனி விலை, தனி உடன்பாடு, எழுத்தில், இரு தரப்புக் கையொப்பத்தோடு.

இயந்திரத்தைப் பற்றிய அச்சம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிடிஎஃப் அதைத் தடுக்காது. செயலியில் ஏறிய வாசகம் முழுவதும் ஏற்கெனவே கம்பனியின் கையில்தான் இருக்கிறது. தடுக்கவோ விலை வைக்கவோ கூடிய இடம் ஒப்பந்தம் ஒன்றுதான்: மொழிபெயர்ப்பை இந்தச் செயலியில் மட்டுமே பயன்படுத்தலாம், இயந்திரப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதானால் தனிக் கட்டணம், இயந்திரம் தந்த தமிழை வெளியிடுவதற்கு முன் உங்கள் ஒப்புதல். மூன்றையும் கேளுங்கள். முதலிரண்டை மீறினால் கண்டுபிடிப்பது கடினம் என்பதை அறிந்தே கேளுங்கள். மூன்றாவதை அவர்கள் மறுப்பது கடினம். மருத்துவ அறிவித்தலில் ஏற்கெனவே ஒரு முறை சூடுபட்டவர்கள்.

கிட்டில் உங்கள் பெயர்

கவனிக்காமல் விட்டுவிடக்கூடிய ஒரு நுணுக்கம் இங்கே இருக்கிறது. கிட் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு பெயர்களைப் பதிகிறது: எழுதியவர் ஒருவர், களஞ்சியத்தில் சேர்த்தவர் ஒருவர். லினக்ஸ் திட்டத்தில் பலர் மின்னஞ்சலில் அனுப்பியதை வேறொருவர் சேர்ப்பது வழக்கம் என்பதால் அப்படி அமைத்தார்கள். நீங்கள் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பி, பொறியியலாளர் அதைச் சேர்த்தால், வேறு எதுவும் சொல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் அவர் பெயரே விழும். எழுதியவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை இடும்படி கேளுங்கள். ஒரு கட்டளையில் ஒரு சொல் கூடுவதுதான் வேலை. பிஓ கோப்பின் தலைப்பகுதியிலும் கடைசியாக மொழிபெயர்த்தவரின் பெயருக்கென்று ஓர் இடம் உண்டு. அதை நீங்களே நிரப்புங்கள்.

மொழிபெயர்ப்புக் கோப்புகள் உள்ள களஞ்சியத்தின் முழுப் பிரதியையும் உங்கள் கணினியில் வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். கிட்டில் பிரதி எடுத்தால் இன்றைய கோப்புகள் மட்டுமல்ல, வரலாறு முழுவதும் கூடவே வரும். இது முக்கியம், ஏனென்றால் கிட்டின் வரலாறு கல்வெட்டு அல்ல; அதிகாரம் உள்ளவர் அதைத் திருத்தி எழுதலாம், பெயர் இடத்தில் எந்தப் பெயரையும் இடலாம். உங்கள் பிரதியும் அன்றன்றைய மின்னஞ்சலும் ஒத்துப்போனால் அந்தச் சாட்சியத்தை அசைப்பது கடினம். நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பதிவேட்டை ஒதுக்கித்தள்ள முடியாது.

வரலாற்றில் விழும் மின்னஞ்சல் முகவரி அழியாமல் நிற்கும் என்பதால், தொழிலுக்கென்று தனி முகவரி வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புக் கோப்புகளைத் தனிக் களஞ்சியமாகப் பிரித்து, அதற்கு மட்டும் அனுமதி தரும்படி கேளுங்கள். நோயாளிகளின் தரவு உங்கள் கண்ணில் படவே கூடாது. பட்டால் நாளை அதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முன்னே உள்ள வழிகள்

வேர்டிலேயே தொடர்வது ஒரு வழி. உங்களுக்குப் புதிதாக எதுவும் கற்கத் தேவையில்லை. ஆனால் அடுத்த தகராறிலும் இதே இடத்தில்தான் நிற்பீர்கள். நான் பரிந்துரைக்கமாட்டேன்.

களஞ்சியத்துக்குள் நேரே போவது இன்னொரு வழி. வெப்லேட் போன்ற இணையக் கருவியைக் கம்பனி அமைத்துக்கொடுத்தால், நீங்கள் உலாவியில் தமிழை எழுத, அது உங்கள் பெயரிலேயே கிட்டில் பதிந்துவிடும். கட்டளை எதையும் நீங்கள் அறிய வேண்டியதில்லை. முடிவில் நீங்கள் வந்துசேர வேண்டிய இடம் இதுதான்.

ஆனால் உடனே அல்ல. முதலில் போஎடிட் என்ற மென்பொருளை நிறுவுங்கள்; இலவசப் பதிப்பே போதும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று உங்களுக்குப் பழகிய விதத்திலேயே காட்டும். சேமிப்பது பிஓ கோப்பாக இருக்கும். அதை மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒரு திருத்தத்துக்கு ஒரு மின்னஞ்சல், அதில் ஒரு வரிக் காரணம். “மருத்துவமனையின் அறிவித்தலின்படி 8 மணிநேரம் 10 ஆக மாற்றப்பட்டது” என்ற அளவில் போதும். பொறியியலாளர் அதே வரியைக் கிட்டில் காரணமாகப் பதியலாம்.

படங்களோடு நீங்கள் செய்துகொடுத்த பயனர் கையேட்டையும் இதே முறைக்குக் கொண்டுவரலாம். வாசகத்தை மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவில், ஒரு வாக்கியம் ஒரு வரியாக எழுதுங்கள். படங்களைத் தனிக் கோப்புகளாக வையுங்கள். அழகான பிடிஎஃபை அதிலிருந்து தேவைப்படும்போதெல்லாம் உருவாக்கிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் இலவசமாகச் செய்யாதீர்கள். பழைய பாமினி ஆவணங்கள் அனைத்தையும் யுனிகோடாக்கி, மாற்றியின் பிழைகளைக் கண்ணால் பார்த்துத் திருத்தி, பிஓ கோப்புகளில் ஏற்றுவது தனி வேலை. தமிழ் தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை. சொல் கணக்கில் அல்லாமல் மணிக்கணக்கில் கட்டணம் கேளுங்கள். கேட்பது கம்பனி; பயன் பெறுவதும் கம்பனி.

நிறுத்திவைத்த பணம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நீங்கள் செய்த வேலை வேறு, அந்த ஒரு வரியைப் பற்றிய தகராறு வேறு. ஒரு வரியைக் காட்டி முழு பில்லையும் நிறுத்திவைப்பதற்கு நியாயம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. முதலில் உங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களில் அந்த அறிவித்தலைத் தேடுங்கள். திருத்திய கோப்பு அங்கே இருந்தால் திகதி, நேரத்தோடு அதை இணைத்து, 14 நாட்களுக்குள் பணம் தரும்படி மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து சேமியுங்கள். திரைப்பிடிப்பு மட்டும் போதாது. பதில் வராவிட்டால் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம். காலத்தைக் கடத்த வேண்டாம்: செய்த வேலைக்கான கூலி என்ற வகையில் வரும் வழக்குக்கு, காலவரையறை பற்றிய நம் பழைய கட்டளைச் சட்டம் பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டையே தருகிறது. எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்குக் கிடைக்கும் நீண்ட காலத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் மின்னஞ்சல்கள் அந்த வகைக்குள் வருமா என்பதே வாதத்துக்குரிய விடயமாகிவிடும்.

பணத்துக்காகப் புதிய கோப்புகளைப் பிணையாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம். நோயாளிகளுக்கான அறிவித்தல் அது. தாமதத்தால் யாருக்காவது தீங்கு நேர்ந்தால், இன்று உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் இடம் மாறிவிடும்.

கடைசியாக, யுனிகோடுக்கு மாறிய பின் பழைய வேர்ட் ஆவணங்களை அழித்துவிடலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். அழிக்க வேண்டாம். திறந்து பார்க்கலாம், ஆனால் மீண்டும் சேமிக்காதீர்கள். சேமித்தால் திகதி மாறிவிடும். எல்லாவற்றையும் அனுப்பிய மின்னஞ்சல்களோடு சேர்த்து வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்து வையுங்கள். கோரிக்கைக் கடிதம் எழுதப்போகும் சட்டத்தரணி முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.